சாவி மாமா வீட்டுக் கதவு

என் அக்காவின் கணவருக்குத் தெரு வைத்த பெயர் சாவி. பூட்டு பழுது பார்க்கப்படும், சாவி நகல் எடுக்கப்படும் என்று கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது. பலகையை யார் படிக்கிறார்கள்? "சாவி இருக்காரா?" என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். பக்கத்துக் கடை என்னுடையது. குடை, பை, பெட்டி என்று எது கிழிந்தாலும் தைப்பேன், ஜிப் மாற்றுவேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். குடித்துவிட்டு வந்த நாளில் இருமலே கேட்காது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படி ஆள் இருப்பதே தெரியவில்லை என்றால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். எங்களுக்குள் சண்டை வராத நாள் கிடையாது. நான் வாய்க்காரன். அவர் நான் கத்தி முடிக்கும்வரை எதையாவது அரத்தால் ராவிக்கொண்டிருந்துவிட்டு, "டீ சொல்லட்டுமா மாப்ளே?" என்பார். ஆளை அடிக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது.

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சாவி தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய்க் கதவைத் திறப்பார். திறந்ததும் கதவை ஒரு விரல் அளவு தள்ளிவிட்டு, சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். வீட்டுக்காரர்கள் உள்ளே போய்க் கூப்பிடும்வரை தலையைத் திருப்ப மாட்டார். உள்ளே கொடியில் என்ன காய்கிறது, கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பூட்டுக்காரன் பார்க்கிற விஷயமில்லை என்பார். ஒரு தடவை வீட்டுக்காரர் உள்ளே போன வேகத்தில் இவரை மறந்தேபோனார். இவரும் சுவரைப் பார்த்தபடியே நின்றிருக்கிறார். கடைசியில் மாடியிலிருந்து இறங்கி வந்த அம்மாள் ஒருத்தி இவரைத் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போட்டு, கட்டடமே கூடிவிட்டது. அப்படிப்பட்ட மனிதர் என்பதால்தான் ஊரில் பாதி வீட்டுப் பூட்டுகள் அவர் கைபட்டவை. எவர் சாவிக்கும் தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்ததில்லை.

குடி எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வாரக் கடைசியில் இருந்தது, பிறகு வாரம் முழுக்க ஆனது. அடித்ததில்லை, திட்டியதில்லை. குடித்தால் இன்னும் அமைதியாகிவிடுவார். பார்ப்பவர்களுக்கு, பாவம், அவர் பாட்டுக்கு இருக்கிறார் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அக்காவுக்குத் தோன்றவில்லை.

அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் போய், மலைபோல் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, மத்தியானம் வந்து படுப்பாள். ஒருநாள் என் கடைக்கு வந்து, தைக்க வந்த பைகளின் நடுவே உட்கார்ந்து சொன்னாள்.

"தூங்கிட்டு இருப்பேன் தம்பி. கதவு திறக்கிற சத்தமே கேக்காது. கண்ண முழிச்சா கட்டில் பக்கத்துல நின்னு என்னையே பாத்துட்டு இருப்பாரு. கண்ணு அவரு கண்ணா இருக்காது. எந்தக் கதவச் சாத்தினா அந்த வீட்ல நான் தனியா இருக்கேன்னு அர்த்தம், நீயே சொல்லு."

தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். போட்டிருக்கிறாள். அன்று அவர் படியிலேயே மயங்கி விழுந்து மண்டை உடைந்து, பக்கத்து வீட்டார் தூக்கி வந்திருக்கிறார்கள். அதிலிருந்து தாழ்ப்பாள் போடவும் அவளுக்குப் பயம், போடாமல் படுக்கவும் பயம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அழுததில்லை. அன்றும் அழவில்லை. மடியிலிருந்த பையின் ஜிப்பை மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே இருந்தாள். 

புதுப் பூட்டு போடுவது என்று முடிவு செய்தாள். போடுவது யார்? அந்தத் தெருவில் பூட்டு மாட்டத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவரிடமே சொன்னாள். மாமா மறுபேச்சு பேசவில்லை. ஒரு காலையில், குடிக்காமல், தன் கடையில் இருந்ததிலேயே நல்ல பூட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கதவைச் செதுக்கிப் பொருத்தினார். எண்ணெய் விட்டுத் திருப்பிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் திரும்பியது. எல்லாச் சாவிகளையும் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, துணிப்பையையும் கருவிப் பையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அவர் நினைத்தால் அந்தப் பூட்டைத் திறக்க எவ்வளவு நேரமாகும்? அது அக்காவுக்கும் தெரியும். அதனால் வாசலிலேயே நிறுத்தி வார்த்தை வாங்கினாள். கம்பி போட்டுத் திறக்கக் கூடாது. மண்டை உடைந்தபோது தையல் போட்ட மருத்துவர் சொன்னதுபோல், குடியை விடுகிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற கூட்டம் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துப் போக வேண்டும். சும்மா போய் மூலையில் உட்கார்ந்துவிட்டு வரக் கூடாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தால் அவளே ஒரு சாவி கொடுப்பாள். அதுவரை அவருக்கு இடம் என் வீட்டு நடையில் கிடக்கும் பழைய சோபா. என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சோறு போட்டாள்.

கூட்டங்களுக்கு அவரை அழைத்துப் போகிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் கூட்டம் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மருந்தகத்தின் பின்கட்டில். கதவைத் தள்ளியதும் உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மாமா அப்படியே நின்றுவிட்டார். அவர் வீட்டு இரும்புப் பெட்டியைப் போன மாதம்தான் மாமா திறந்துகொடுத்திருந்தார். "இங்க பூட்டு மாட்டவா வந்தீங்க?" என்று அந்த மனிதர் சிரித்தார். ஆமாம், கதவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி, கீலைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்துவிட்டு மாமா வெளியே வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த ஆளும் அதே நோய்க்காகத்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் என்ன வெட்கம் என்று கத்தினேன்.

"அவரு குடிச்சா அவரு வீட்டோட போச்சு மாப்ளே. நான் குடிக்கிறேன்னு தெரிஞ்சா எவன் தன் வீட்டுக் கதவத் தொட விடுவான்?"

 ஆகவே தூரத்தில் தேடினோம்.

இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். எல்லாரும் சின்ன வயது, இஸ்திரி கலையாத சட்டை, கையில் காகிதக் கோப்பையில் காப்பி. வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தன்னைப் பற்றிச் சொன்னார்கள், சொன்னவருக்குக் கை தட்டினார்கள். முறை மாமாவிடம் வந்தது. எழுந்து நின்றார். உதடு அசைந்தது. நான் உள்ளுக்குள் சொல்லுங்க, சொல்லுங்க என்று துடித்துக்கொண்டிருக்கிறேன். மனிதர் என் தோளில் கையை வைத்து, "இவரு என் மச்சினன். இவருக்காகத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. எனக்குக் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, முதல் நாள் கஷ்டமாகத்தான் இருக்கும், அழணும்போல இருந்தால் அழுங்கள் என்றாள். நான் உண்மையிலேயே அழுகிற நிலையில்தான் இருந்தேன், ஆத்திரத்தில். திரும்பி வரும் பஸ்ஸில் அவரோடு பேசவில்லை. அவரோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறார் என்று நினைத்து இரண்டு வார்த்தை வைய வாயெடுத்தேன். கண்ணாடியில் முகம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது இன்னும் மோசம். ஒரு லாரி நிறுத்தத்தின் மேல்மாடி. ஒரே கும்மாளம். யார் எவ்வளவு குடித்தோம், எந்த ஊரில் எந்தச் சாக்கடையில் விழுந்தோம் என்று ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அந்த முதல் மிடறு தொண்டையில் இறங்குவதை வர்ணித்தபோது மாமா எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். வெளியே வந்ததும், கடையில் ஒரு வேலை இருக்கிறது, நீ போ என்று என்னை அனுப்பிவிட்டார். நானும் போனேன். முற்பகலில் கடையைத் திறந்து பார்த்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமல் இல்லை, ஆளே இல்லை.

 நேராக அக்கா வீட்டுக்கு ஓடினேன். மூன்றாம் மாடியில், சாத்திய கதவுக்கு எதிரே, படியில் உட்கார்ந்திருந்தார். நல்ல போதை. கருவிப் பை மடியில், வாய் கட்டியபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல் கையைத் தூக்கினார், நான் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்று அக்கா வேலைக்குப் போயிருப்பாள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். சாயங்காலம்தான் தெரிந்தது, அவள் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தாளாம்.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனபோது மாமாவுக்காக வக்காலத்து வாங்கினேன். தலைகால் தெரியாத போதையிலும், கையில் அத்தனை கம்பிகளை வைத்துக்கொண்டு, கொடுத்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு வெளியிலேயே உட்கார்ந்திருந்தார், இப்படி எவன் இருப்பான் என்று கேட்டேன். அக்கா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் நான் கிளம்பும்போது, அவருடைய கம்பளிப் போர்வையை மடித்து என்னிடம் கொடுத்தாள். உன் வீட்டு நடையில் காற்று அதிகம் என்றாள். அவள் மனம் கொஞ்சம் இளகியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

போர்வையை வாங்கிக்கொண்ட மாமா அதை விரிக்கவேயில்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தார். காலையில் அவரே கேட்டார், வேறு கூட்டம் ஏதாவது இருக்கிறதா என்று.

மருத்துவர் அறையில் வேலை பார்க்கும் அம்மா ஒரு இடம் சொன்னார். ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகம். அதில் ஓர் அறையில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறார்கள், அமைதியான கூட்டம், வெளியே பலகையெல்லாம் இருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். எதை என்று விசாரிப்பது? காவலாளியிடம் போய் குடிகாரர்கள் எங்கே கூடுகிறார்கள் என்றா? இருவரும் வளாகத்தை ஒரு சுற்று சுற்றினோம். அப்போதுதான் ஒரு கூடத்தின் வாசலில் அந்தப் பலகையைப் பார்த்தேன். நடுவில் வாடகைக்கு என்று ஒரு அறிவிப்பை யாரோ ஒட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் 'குடி' என்று இருந்தது. அந்தப் பக்கம் 'நலச் சங்கம்' என்று இருந்தது.

"பலகை இல்லன்னு சொன்னாங்க, இவ்வளவு பெருசா வெச்சிருக்காங்களே" என்றார் மாமா. சங்கம் அமைக்கிற அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டதுபோல என்றேன் நான். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம்.

கூடம் நிறைய ஆண்களும் பெண்களும். குடும்பத்தோடு வந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். ஒருவர் எழுந்து, மேலே ஏற ஏற நிலைமை மோசமாகிறது, நாலாவதுக்கு மேல் தாங்கவில்லை என்றார். லிப்டைச் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. தடித்த உடம்பும் கட்டைக் குரலுமாக இன்னொருவர், என் இடத்தில் எவன் வண்டியை விடுகிறான் என்று எகிறினார். குடியை விட்டால் கோபம் வரும் என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. தலைமை தாங்கிய அம்மாள், புதியவர்கள் யாராவது பேசுகிறீர்களா என்று சுற்றிப் பார்த்தாள். நான் மாமாவின் முழங்கையை இடித்தேன். என்ன தோன்றியதோ, இந்த முறை அவரே எழுந்தார்.

"புதுசா குடி வந்தவரா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"இல்லம்மா. குடி வந்து ரொம்ப வருஷமாச்சு."

"ரொம்ப வருஷமா? நான் உங்களப் பாத்ததே இல்லையே."

"வெளிய தெரியாம பாத்துக்கிட்டேன்."

"குடும்பத்தோடயா, தனியாவா?"

"மொதல்ல கூட்டாளிங்களோட. அப்புறம் தனியாத்தான்."

முன் வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். எந்த வீடு என்று அந்த அம்மாள் கேட்டாள். அந்த வார்த்தைதான் அவரை உடைத்திருக்க வேண்டும். வீடா, வீடு போய்விட்டது என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. பூட்டுக்காரன் என்றார். தன் பெண்டாட்டி தன் காலடிச் சத்தம் கேட்காததற்காகப் பயந்தாள் என்றார். தானே பூட்டு மாட்டிக் கொடுத்ததைச் சொன்னார். கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. எங்கே இருக்கிறோம் என்பது எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது, பக்கத்து மேஜைமேல் இருந்த தாள்களில் முழுப் பெயரும் அச்சாகியிருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"எல்லாரும் நான் வார்த்தையக் காப்பாத்திட்டேன்னு நெனச்சிட்டு இருக்காங்க. என் மச்சினன்கூட. அன்னைக்கு உள்ள யாரும் இல்லன்னு நெனச்சு, என் கட்டில்ல கொஞ்ச நேரம் படுத்துட்டு வந்துடலாம்னுதான் போனேன். பூட்டுல கம்பிய விட்டேன். கை நடுங்குச்சு. திரும்பத் திரும்ப விட்டேன். நான் போட்ட பூட்டு, எனக்குத் திறக்க வரல. அதான் உக்காந்தேன். வார்த்தையாவது ஒண்ணாவது. கை மட்டும் நல்லா இருந்திருந்தா உள்ள போயிருப்பேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.  அக்காவிடம் நான் வாங்கிய வக்காலத்து, அந்தப் போர்வை, எல்லாம் கண்முன் வந்தது.

 கடைசியில் அந்த அம்மாள் மெதுவாக, ஐயா, இது குடியிருப்போர் நலச் சங்கம் என்றாள். மாமாவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் எழுந்து, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டு, நாற்காலிகளில் இடித்துக்கொண்டு வாசலைத் தேடினார். பின்னால் யாரோ ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டு அதட்டு வாங்கியது கேட்டது. பூமி பிளந்து எங்களை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் வண்டிக்காகச் சண்டை போட்ட அந்தத் தடித்த மனிதர் எழுந்து வந்தார். மாமாவின் தோளைப் பிடித்தார்.

"வாங்க. நம்ம கூட்டம் இங்க இல்ல. கீழ, பம்பு ரூம் பக்கத்துல."

அவர் சொன்னது அந்தக் கூடம் முழுவதும் கேட்டது. உங்கள் கூட்டம் என்று சொல்லியிருக்கலாம், அந்தக் கூட்டம் என்று கைகாட்டி அனுப்பியிருக்கலாம். அண்டை அயலார் அத்தனை பேர் நடுவில் நம்ம என்று சொல்லிவிட்டார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் யாரையும் பார்க்காமல் எங்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். காதெல்லாம் சிவந்திருந்தது. அந்த மனிதரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பம்பு அறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஏழெட்டுப் பேர், ஒரு பழைய மேஜை, மோட்டார் ஓடும் சத்தம். யாரும் கை தட்டவில்லை, யாரும் பெருமை பேசவில்லை. மோட்டார் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவே இல்லை. மாமாவுக்கு அது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் போனார். துணைக்கு வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றுவிடுமோ என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. கைநடுக்கம் மட்டும் முழுக்கப் போகவில்லை.

அவர் வாய் திறந்து பேசிவிட்டார் என்று நான்தான் அக்காவிடம் சொன்னேன். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. மாமாவிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன், பழைய கதையைக் கிளற வேண்டாம், காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அக்கா கடைத் தெருவுக்கு வந்தாள். எனக்குக் குடை வேலை தலைக்கு மேல் கிடந்தது. என்னைத் தாண்டி நேராக அவர் கடைக்குப் போனாள். அவர் வீட்டை விட்டு வந்தபிறகு அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாவி மேஜைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இதுக்கு ஒரு நகல் வேணும்" என்றாள். கொஞ்சம் விட்டு, "உங்களுக்குத்தான்" என்றாள்.

ஊசியைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது. சாவி வெட்டுகிற அந்தக் கிறீச்சென்ற சத்தத்தை வருடக்கணக்காகச் சபித்திருக்கிறேன். அன்று அது என் காதுக்கு இனித்தது. பாதியில் நின்றது.

"அன்னைக்கு நான் வார்த்தையக் காப்பாத்தல" என்றார் மாமா.

தலையில் அடித்துக்கொண்டேன். மனிதருக்கு வாய் திறக்க வேறு நேரம் கிடைக்கவில்லை.

"தெரியும்" என்றாள் அக்கா. "நான் உள்ளதான் நின்னுட்டு இருந்தேன். கம்பி உரசுற சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்தேன். தாழ்ப்பாள்மேல கை வெச்சுட்டு நின்னேன். போடல. என்னதான் செய்யறீங்கன்னு பாக்கணும்னு நின்னேன். பாதியில நிறுத்திட்டீங்க. மனசு கேக்காம நிறுத்திட்டாருன்னு நெனச்சேன். அந்த ஒண்ணுக்காகத்தான் இன்னைக்கு வந்தேன்."

ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெட்டிய சாவியோடு வீட்டுக்குப் போயிருப்பார். நான் தகரத்தைத் தட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

"மனசு இல்ல. கை நடுங்குச்சு" என்றார். "அதனாலதான் நிறுத்தினேன்."

"நடுங்கலன்னா?"

"திறந்திருப்பேன்."

தெருவில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தன் குடை தயாரா என்று என்னிடம் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். அந்தப் பக்கம் சாவி மேஜைமேல் நகரும் சத்தம். அவர் திருப்பிக் கொடுக்கிறார்.

"சாவி கேக்காதீங்க" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "இனிமே எப்பவும் கேக்காதீங்க. வரணும்னா வந்து மணி அடிங்க. திறக்கணும்னு எனக்குத் தோணுச்சுன்னா திறக்கிறேன்."

குடையை விரிக்காமலே நனைந்துகொண்டு போனாள்.

நான் தடுப்பைச் சுற்றிப் போய் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். உண்மையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா போகிறீர்கள் என்று கேட்டேன். பாதி வெட்டிய சாவியை விரலால் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நம்ம வீட்ல மணியே இல்லையே மாப்ளே" என்றார்.

அது உண்மைதான். பூட்டுக்காரர் வீட்டுக்கு எதற்கு அழைப்பு மணி? எங்களுக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் அக்காவிடம் நான் போய்க் கேட்டுச் சாவி வாங்கி வந்து, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, அவர் வாசற்படியைத் தாண்டாமல் வெளியில் நின்றபடியே துளை போட்டார். உள்பக்க வேலையை ஒரு மின்சாரக்காரரை வைத்து முடித்தோம். மின்சாமான் கடையில் இருந்ததிலேயே சத்தமான மணியாகப் பார்த்து வாங்கியிருந்தார். காது செவிடாகிவிடும் என்றேன். சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். வெளியே ஆள் நிற்பது உள்ளே இருப்பவளுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன், ஒரு திருப்பத்துக்குக் கீழே படியில் நின்றுகொண்டேன். மாமா மணியை அழுத்தினார். கட்டடமே அதிர்ந்தது. அழுத்திவிட்டு, எத்தனையோ வீட்டு வாசலில் நின்ற பழக்கம், சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

நேரம் போனது. அவர் அசையவில்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார், விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

கதவு திறந்தது. நல்ல பூட்டு, நல்ல எண்ணெய், ஒரு சத்தமும் வரவில்லை. அக்கா நின்றாள். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படியில் நின்ற என்னையும் பார்த்தாள், பேசாதே என்று தலையை அசைத்தாள். அவள் அவரைக் கூப்பிடுவதற்காக வாய் எடுத்ததை நான் பார்த்தேன். எடுத்தாள், முடியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். அவர் சுவரில் எதையோ படிப்பதுபோல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவள் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள். அதற்கும் சத்தம் வரவில்லை.

மாமா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியிறங்கி வந்தார். நான் அங்கே நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"திறக்கல மாப்ளே" என்றார். "பரவால்ல. நாளைக்கு வந்து பாப்போம்."

  தெருவுக்கு வந்தபிறகுதான் சொன்னேன்.

"மாமா, நாளைக்குச் சுவத்தப் பாத்து நிக்காதீங்க. கதவப் பாத்து நில்லுங்க."